ஒரு மெகாபிட் யாரிடம் இருக்கிறது?

என் மாமியார் தன் மூத்த மகனோடு மூன்று நாள் பேசாமல் இருந்ததற்கு நான்தான் காரணம் என்று எனக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. என் கணவரின் அண்ணனான அவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவார். அன்றைக்கு அத்தை, "பொங்கலுக்கு வூட்டுக்கு வரியாடா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. திரையில் அவர் முகம் அம்மாவைப் பார்த்தபடி இருந்தது. சுவர்க்கடிகாரத்தின் முள் இரண்டு தடவை துடித்திருக்கும். அத்தை பொறுக்காமல், "வேலையா இருந்தா வேணாம்" என்றார். அதே சமயத்தில் அங்கிருந்து "வரேம்மா" வந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர், "சரிம்மா, அப்ப பாக்கலாம்" என்றார்.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அத்தை சமையலறைக்கு வந்தார்.

"பெத்தவ கேக்கறா, யோசிச்சிகினு உக்காந்திருக்கான் பாரு. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போவட்டும்."

அவர் யோசிக்கவே இல்லை. கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லியிருக்கிறார். ஆனால் அத்தையின் கேள்வி எங்கள் வீட்டை விட்டு வெளியேறவே இரண்டு விநாடிக்குமேல் ஆகியிருக்கிறது. ஏனென்றால் பின் அறையில் உட்கார்ந்து நான் அன்றைய வேலை முழுவதையும் பெங்களூருக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். என் கோப்பு முன்னால் நின்றது. அத்தையின் குரல் பின்னால் நின்றது.

நான் வீட்டு ரவுட்டர்களுக்கு மென்பொருள் எழுதுகிறவள். கம்பெனி பெங்களூரில். என் கணவருக்கு இங்கே மைன்ஸில் கன்வேயர் பிரிவில் பெர்மனன்ட் வேலை. கல்யாணமாகிப் பல வருடம் அவர் நெய்வேலியிலும் நான் பெங்களூரிலுமாக இருந்தோம். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்னதும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். எங்கள் பிளாக்குக்கு அப்போது ஃபைபர் வந்திருக்கவில்லை. பழைய தொலைபேசிக் கம்பிதான். இறக்குவதற்கு விநாடிக்குப் பத்து மெகாபிட் என்று சொல்வார்கள். ஏற்றுவதற்கு ஒன்று.

நான்காம் நாள் மறுபடியும் ஏற்ற வேண்டியிருந்தது. பெங்களூரில் இருந்த தோழி கூப்பிட்டாள். அவளும் நானும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்துகொண்டே இருந்தோம். "உன் லைன் என்ன இப்படி இருக்கு?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. அளந்து பார்த்தேன். யாரும் எதுவும் ஏற்றாதபோது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப முப்பது மில்லி விநாடி. ஏற்றும்போது இரண்டாயிரத்து முந்நூறு. மோடத்துக்குள் ஒரு வரிசை இருக்கிறது. அனுப்ப முடியாததையெல்லாம் அது கீழே போடாமல் சேர்த்து வைத்துக்கொள்கிறது. எதையும் தொலைக்காமல் இருப்பது நல்ல குணம் என்று யாரோ நினைத்து அந்த வரிசையை அவ்வளவு நீளமாக வைத்திருக்கிறார்கள். ஏற்றுகிற கம்ப்யூட்டரோ ஒன்றும் தொலையவில்லை என்பதால் வழி காலியாக இருக்கிறது என்று நம்பி இன்னும் இன்னும் தள்ளுகிறது.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, இதுதான் என் தொழிலே. அதை நினைத்துத்தான் எரிச்சலாக இருந்தது.

அத்தையிடம் சொன்னேன். "அத்தை, அவர் யோசிக்கல. நம்ம வீட்டு லைன்லதான் லேட் ஆச்சு. தப்பு என்னுது."

"லைன்ல லேட்டானா மொகம் அப்படி இருக்குமா?" என்றார். நம்பவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் மகன் கூப்பிட்டபோது எடுத்தார்.

அந்த வாரமே கம்பெனியில் சோதனைக்கு வைத்திருந்த ஒரு சின்ன ரவுட்டரை வரவழைத்து மோடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் வைத்தேன். வரிசையை மோடத்துக்குள் சேரவிடாமல் இது தன்னிடமே வைத்துக்கொள்ளும். பாக்கெட் என்று நாங்கள் சொல்லும் தகவல் துண்டு ஒவ்வொன்றும் எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பார்க்கும். அதிகம் நின்றால், அனுப்புகிற கம்ப்யூட்டருக்கு 'மெதுவாகப் போ' என்று அந்தப் பாக்கெட்டிலேயே ஒரு குறி போட்டு அனுப்பும். இதற்குக் கொடுக்கும் விலை, மொத்த வேகத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். பத்து என்றால் எட்டரை. அவ்வளவுதான். அதன்பிறகு நான் ஏற்றிக்கொண்டே இருந்தாலும் அத்தை மஸ்கட்டோடு சரளமாகச் சண்டை போட முடிந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம். அந்தச் சமயத்தில் இணையத் தரங்களை எழுதுகிற அமைப்பில் ஒரு குழு இதே விஷயத்துக்குப் புதிய தர ஆவணம் எழுதிக்கொண்டிருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம். கட்டணம் கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. மின்னஞ்சல் பட்டியலில் பெயரைக் கொடுத்தால் போதும். புதிய முறையில் இரண்டு வரிசை. அவசரக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அதில் ஒரு பாக்கெட் ஒரு மில்லி விநாடிக்குமேல் நின்றாலே குறி விழும். ஆவலோடு அதை எங்கள் வீட்டு ரவுட்டர் பெட்டியில் எழுதிப் போட்டேன். வேகம் படுத்துவிட்டது. ஒரு மெகாபிட்டில் கால்வாசிகூட வரவில்லை.

காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. ஒரு மெகாபிட் கம்பியில் ஒரு முழு பாக்கெட்டை அனுப்பவே பன்னிரண்டு மில்லி விநாடி வேண்டும். முன்னால் ஒரே ஒருவர் நின்றாலும் பின்னால் இருப்பவர் பன்னிரண்டு நிற்க வேண்டும். ஒரு மில்லி விநாடிக்குமேல் நின்றால் நெரிசல் என்று விதி இருந்தால், எங்கள் வீட்டில் எந்நேரமும் நெரிசல்தான். எல்லாப் பாக்கெட்டுக்கும் குறி. எல்லாரும் பயந்து பின்வாங்குகிறார்கள். கம்பி காலியாகக் கிடக்கிறது.

இதை எழுதிப் பட்டியலுக்கு அனுப்பினேன். மெதுவான இணைப்புகளில் அந்த எல்லை ஒரு பாக்கெட்டை அனுப்ப ஆகும் நேரத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். அளவுகளை இணைத்திருந்தேன். மறுநாள் பதில் வந்தது. பெரிய கம்பெனி ஒன்றில் பல வருடம் இதே வேலையில் இருப்பவர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். நல்ல அவதானிப்பு, நன்றி. ஆனால் இன்றைக்கு ஒரு மெகாபிட் இணைப்பு யாரிடம் இருக்கிறது?

நான் எழுதினேன்: என் வீட்டில் இருக்கிறது.

அதற்குப் பதில் வரவில்லை.

குழுவின் தலைவர் தனியாக எழுதினார். இவர் கொஞ்சம் இரக்கமுள்ள மனிதர். ஒரு வாக்கியத்தை நேராகச் சேர்க்க முடியாது, பெரிய ஆவணம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, நீங்கள் தனியாக ஒரு சிறு வரைவு எழுதுங்கள், குழு ஏற்றுக்கொண்டால் பார்க்கலாம் என்றார். எழுதினேன். ஐந்து பக்கம். வரைவுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். அதற்குள் யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் காலாவதியாகிவிடும். எண்ணை மாற்றி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். முதல் ஆறு மாதம் போனது. இரண்டாவது ஆறு மாதமும் போனது.

குழு சும்மா இருக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் நெரிசலைச் சொல்ல நான்கு குறிகளுக்குத்தான் இடம். மூன்றுக்கு எப்போதோ பொருள் சொல்லியாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்று. நான் புதிய வகை, என்னை அவசர வரிசையில் விடுங்கள் என்று அனுப்புகிறவர் சொல்வதற்கு அது வேண்டும் என்றது ஒரு கட்சி. வழியில் இருக்கும் ரவுட்டர், கொஞ்சம் நெரிசல் ஆரம்பிக்கிறது என்று மென்மையாகச் சொல்வதற்கு வேண்டும் என்றது இன்னொரு கட்சி. இந்த ஒரு குறிக்காக வந்த மின்னஞ்சல்களை ஒரு கட்டத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள். ஆனால் என் வரைவைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு கடிதமும் அந்தச் சண்டைக்கு நடுவில் விழுந்து, நான் எந்தக் கட்சி என்ற கேள்வியாகத் திரும்பி வந்தது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் என் வீட்டுக் கம்பியில் ஒரு பாக்கெட் போகப் பன்னிரண்டு மில்லி விநாடிதான் ஆகும் என்று எழுதினேன். அதை ஒருவர் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த ஆவணங்களில் சில சொற்களுக்குத் தனி எடை உண்டு. ஒன்று கட்டாயம். ஒன்று பரிந்துரை. இன்னொன்று விருப்பம், செய்தாலும் சரி செய்யாவிட்டாலும் சரி. என் வாக்கியத்தைக் கட்டாயம் என்று எழுதியிருந்தேன். பரிந்துரையாக்கினால் ஆதரிக்கிறேன் என்று ஒருவர் சொன்னார். ஆக்கினேன். பரிந்துரையாகிவிட்டதால் இது முன்புபோல முக்கியமாகத் தோன்றவில்லை என்று அவரே எழுதினார்.

"விடேன். உனக்கு யாரு சம்பளம் தர்றாங்க இதுக்கு?" என்றார் என் கணவர்.

யாரும் தரவில்லைதான். கம்பெனி நேரம் முடிந்தபிறகு செய்கிற வேலை. ஆனால் அப்படி விட முடியவில்லை. தப்பு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. திருத்தம் ஒரே வாக்கியம். இது பெரிய இலட்சியமெல்லாம் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தால் தூக்கம் வராதவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரிதான்.

மூன்றாவது வருடம் ஒரு வழியாகக் கூட்டத்தில் பத்து நிமிடம் கிடைத்தது. கூட்டம் ஆசியாவில் ஏதோ ஒரு நகரத்தில். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பேசலாம். நமக்குக் காலை பதினொரு மணி. பட்டியலில் என் மின்னஞ்சல்களைத் தாண்டிப் போனவர்கள் நேருக்கு நேர் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆறு படங்கள் தயார் செய்தேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். முதல் நாள் பண்ருட்டியில் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. ஊசி போட்டால் மறுநாள் வாய் கோணிக்கொள்ளுமோ என்று அவரிடம் கேட்டு, பல் பிடுங்குவதைத் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

அன்று காலை என் நாத்தனார் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்திருந்தாள். மகளுக்கு மஞ்சள் நீராட்டு முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாங்கிப்போன பெரிய அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கூடவே போன் நிறையப் படங்களோடும் வீடியோக்களோடும் வந்திருந்தாள்.

"அண்ணி, போன்ல எடமே இல்ல. எல்லாத்தையும் நெட்ல ஏத்திடுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. எங்க வூட்ல டவர் கெடைக்கல. உங்க வைஃபையில போட்டுக்கட்டுமா?"

"தாராளமா போட்டுக்கோ," என்றேன். எனக்கு அன்று மீட்டிங் என்று தெரிந்து அத்தைதான், "அவளுக்கு வேலை கெடப் போவுது, அப்புறமா ஏத்து" என்றார். "பரவாயில்ல அத்தை, நம்ம பெட்டி பாத்துக்கும்" என்றேன். கர்வம்தான். அந்தப் பெட்டி இருக்கும்போது யார் எதை ஏற்றினால் எனக்கென்ன என்று நினைத்தேன். பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தலைவர் என்னை அழைத்தார். முதல் படத்தைப் போட்டேன். நன்றாகத்தான் ஆரம்பித்தது என்று நினைத்தேன். இரண்டாவது படம் போகும்போது பக்கத்தில் ஓடும் எழுத்து உரையாடலில் ஒருவர், குரல் விட்டுவிட்டு வருகிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், எனக்கும் என்று எழுதினார். நான் மைக்கைச் சரிசெய்து மறுபடியும் முதல் வரியிலிருந்து சொன்னேன். தலைவர் ஏதோ சொன்னார். அது எனக்கு வந்து சேர்ந்தபோது நான் வேறு வாக்கியத்தில் இருந்தேன். நிறுத்தினேன். நிறுத்தியது அங்கே போய்ச் சேர நேரமானது. அதனால் அவரும் நிறுத்தினார். இருவரும் காத்திருந்தோம். இருவரும் ஒன்றாக ஆரம்பித்தோம். எழுத்து உரையாடலில் ஒரு வரி வந்தது: இது செயல்முறை விளக்கமா? பக்கத்தில் சிரிக்கும் முகம்.

பன்னிரண்டு மில்லி விநாடியைப் பற்றிப் பேசவேண்டிய படத்துக்கு வரவே இல்லை. வருந்துகிறேன், நேரம் போகிறது, பட்டியலில் தொடருவோம் என்று தலைவர் சொன்னார். அவர் அதைச் சொல்லி முடித்து அடுத்தவரைக் கூப்பிட்ட பிறகும் நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பதிவைப் பின்னால் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. அடுத்தவரின் முதல் படம் திரையில் இருக்க, அதன்மேல் என் குரல் துண்டு துண்டாக விழுகிறது. பிறகு யாரோ என் மைக்கை அணைத்துவிடுகிறார்கள்.

கூடத்துக்கு வந்தேன். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் என் பெட்டி இல்லை. சுவரிலிருந்து வந்த கம்பி மோடத்துக்குப் போய், அதோடு முடிந்திருந்தது. என் பெட்டி மேல் தட்டில், ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுற்றிப் பத்திரமாக இருந்தது.

கணவருக்கு அன்று பி ஷிஃப்ட். மதியம்தான் போக வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரு எடுத்தது?"

"ஓ, அதுவா? நேத்து நீ பண்ருட்டி போயிருந்தப்ப லைன்மேன் வந்தாரு. ஸ்பீடு டெஸ்ட் போட்டா எட்டரைதான் காட்டுது, பத்துக்குத்தானே பணம் கட்டுறோம்னு கம்ப்ளெயின்ட் குடுத்திருந்தேன். அவரு பாத்துட்டு நடுவுல இருக்கற இந்தப் பாக்ஸ்தான் இழுத்துப் பிடிக்குதுன்னாரு. எடுத்ததும் பாரு, ஒன்பது புள்ளி எட்டு!" முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "உனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு அதே வைஃபை பேரு, அதே பாஸ்வேர்டு வைக்கச் சொன்னேன்."

அதனால்தான் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்."

நான் கத்தினேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. மூன்று வருடம், பத்து நிமிடம், எட்டரை என்று என்னென்னவோ சொன்னேன். நாத்தனார் போனைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் நின்றாள். "அண்ணி, நான் வேணா நிறுத்திடட்டுமா?" என்றாள். "அதெல்லாம் வேணாம், முழுசா ஏத்திட்டுப் போ!" என்று அவளிடமும் கத்தினேன். அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் வண்டியை எடுக்கும்போது, "வேகமா போனா கோவிச்சுக்கற ஒரே ஆளு நீதான்" என்றார்.

லைன்மேனுக்கு நானே போன் செய்தேன். மறுநாள் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், காண்ட்ராக்டில் இருப்பவர்.

"மேடம், நான் தப்பா ஒண்ணும் பண்ணல. நடுவுல அந்தப் பொட்டி வேகத்தப் புடிச்சிகினு இருந்துச்சு. சார்தான் கேட்டாரு."

"தப்பு சொல்லலீங்க. ஒரு நிமிஷம் உக்காருங்க. வீட்ல யாருக்காவது வைஃபையில ஒரு வீடியோ கால் போடுங்க."

தன் மனைவிக்குப் போட்டார். மோடத்தில் நேராக இருந்தபடியே, நான் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய கோப்பை ஏற்ற ஆரம்பித்தேன். அரை நிமிடத்தில் அந்தப் பெண், "இன்னாது, பேசவே மாட்டேன்ற?" என்றாள். "பேசிகினுதான் இருக்கேன்" என்றார் இவர். அவள் மறுபடி, "அலோ, அலோ" என்றாள். பிறகு என் பெட்டியை நடுவில் செருகிவிட்டு அதே கோப்பை ஏற்றினேன். இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். வேகத்தையும் காட்டினேன். எட்டரை.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தினம் பத்து வூட்லயாவது இதத்தான் சொல்றாங்க மேடம். ஸ்பீடு வருது, ஆனா பேச முடியலன்றாங்க. நாங்க போயி டெஸ்ட் போட்டுக் காட்டிட்டு வந்துடுவோம்."

"அதை மேல சொல்லலாமே?"

"எங்க சொல்றது? எங்க ஆப்ல கம்ப்ளெயின்ட்டுக்கு மூணே மூணு கட்டம்தான். லைன் இல்ல, ஸ்பீடு இல்ல, மோடம் ரிப்பேர். லேட்டுன்னு கட்டமே இல்ல. எதையாவது ஒண்ணத் தொட்டாத்தான் வேலை முடிஞ்சதா மூட முடியும்."

அன்றைக்கு என் வீட்டு வேலையையும் அவர் 'மோடம் ரிப்பேர்' என்று தொட்டுத்தான் மூடினார். மூன்று வருடம் பட்டியலில் எழுதியதைவிட, அந்த ஆப்பில் நான்காவதாக ஒரு கட்டம் வைக்க யாரிடம் எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்வது நல்லதோ என்று தோன்றியது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிப் பார்த்தேன். உங்கள் புகார் 'ஸ்பீடு இல்லை' என்ற வகையில் பதிவு செய்யப்பட்டது என்று பதில் வந்தது. இரண்டு நாளில் அது தீர்க்கப்பட்டதாகவும் வந்தது.

கணவர் இரண்டு நாள் என்னோடு அளந்துதான் பேசினார். நானும்தான். மூன்றாம் நாள் நாத்தனாரே கூப்பிட்டு, எல்லாப் படமும் ஏறிவிட்டது, மிகவும் நன்றி அண்ணி என்றாள். அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் அவர். பெட்டி இருந்த இடத்தில் அவரே ஒரு சீட்டு ஒட்டி வைத்தார். 'தொடாதே' என்று மைன்ஸில் ஒட்டுகிற சிவப்பு எழுத்துச் சீட்டு.

பெரிய ஆவணம் கடைசியில் வெளிவந்தது. அந்த ஒரு குறியின் சண்டையும் ஒரு வழியாக முடிந்தது, முதல் கட்சிக்குச் சாதகமாக. ஆவணத்தை ஒரே மூச்சில் படித்தேன். கடைசிப் பின்னிணைப்பில் ஒரு வரி இருந்தது. மிக மெதுவான இணைப்புகளில் செயல்படுத்துகிறவர்கள் ஒரு பாக்கெட்டுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் கொள்ள விரும்பலாம். விரும்பலாம்! நன்றிப் பட்டியலில் என் பெயரும் இருந்தது, இனிஷியல் மாறி. திருத்தச் சொல்லி எழுதலாமா என்று யோசித்தேன். அதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. வெளிவந்தபின் பிழை என்று தனியாகப் பதிவு செய்யலாம், பரிசீலிப்பார்கள். செய்யவில்லை.

கணவர் தன் செக்‌ஷனில் எல்லோரிடமும், "என் வொய்ஃப் இன்டர்நெட்டுக்கே ரூல் எழுதுறா" என்று சொல்லிவிட்டார். கோயில் வாசலில் யாரோ என்னை நிறுத்தி, எங்க வீட்ல நெட் வரமாட்டேங்குது, கொஞ்சம் சொல்லுங்களேன் என்றார்கள்.

போன வருடம் எங்கள் பிளாக்குக்கு ஃபைபர் வந்தது. ஏற்றவும் நூறு, இறக்கவும் நூறு. லைன்மேன்தான் வந்து பொருத்தினார். பழைய மோடத்தைக் கழற்றிக்கொண்டு போகப் படிவம் வைத்திருந்தார்.

"அதை எடுக்காதீங்க," என்றேன்.

"இன்னாத்துக்கு மேடம்? நூறு வந்திருச்சே."

"எனக்கு அந்த ஒண்ணு வேணும்."

கணவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஊரே அந்தக் கம்பியைத் தொலைச்சா போதும்னு இருக்கு." ஆனாலும் அவரேதான் கையெழுத்துப் போட்டு, பழைய இணைப்பைத் தன் பெயரில் தொடரச் சொன்னார். அதனால் இப்போது எங்கள் வீட்டில் இரண்டு இணைப்பு. ஒன்றில் எல்லாரும் வாழ்கிறார்கள். மற்றதில் நான் அளக்கிறேன்.

என் வரைவை மறுபடி ஒரு தடவை சமர்ப்பித்தேன். ஐந்தாவது பதிப்பு. யாரும் படிக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தில், முன்னுரையில் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தேன். இரண்டு மாதம் சத்தமில்லை. பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. பசிபிக்கில் ஒரு தீவிலிருந்து, பள்ளிக்கூடங்களுக்கு நெட்வொர்க் பார்க்கும் ஒரு பெண். அவர்கள் பள்ளிகள் சிலவற்றில் ஒரு மெகாபிட்கூட இல்லையாம். என் வரைவில் இருந்தபடியே செய்து பார்த்தாளாம், வேகம் எழுந்ததாம். ஆனால் எல்லை ஒரு பாக்கெட் என்று நான் சொல்வது தப்பு என்றாள். அதில் இன்னமும் கம்பி அடிக்கடி காலியாகிறது, இரண்டு பாக்கெட் வைத்தால்தான் நிரம்புகிறது என்று ஒரு வாரத்து அளவுகளை இணைத்திருந்தாள்.

முதலில் வந்தது கோபம்தான். நான்கு வருடம் கழித்து ஒருத்தி படிக்கிறாள், அவளும் தப்பு கண்டுபிடிக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அனுப்பிய அளவுகளைத் திறந்து பார்த்தேன். ஒழுங்காக அளந்திருந்தாள். எந்தெந்த நேரம், எத்தனை பிள்ளைகள் லைனில் இருந்தார்கள், மழை பெய்ததா என்பதுவரை குறித்திருந்தாள்.

பழைய மோடத்தில் என் பெட்டியைச் செருகி எல்லையை இரண்டாக்கினேன். அத்தையைக் கூப்பிட்டு, "மஸ்கட்டுக்கு இந்தப் பழைய லைன்லயே ஒரு கால் போடுங்க அத்தை, நான் பக்கத்துல ஏத்திப் பாக்கணும்" என்றேன்.

"புது லைன் இருக்கும்போது இதுல எதுக்குடி? மறுபடியும் அவன் வாயடைச்சுப் போயிட்டா?"

"போகமாட்டாருங்க."

முக்கால் மணி நேரம் பேசினார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணம், முந்திரி விலை, அங்கே வெயில். நான் அளந்துகொண்டிருந்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஐந்து பக்கத்தில் மூன்று பக்கம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. வரைவின் ஆசிரியர் வரிசையில் அவளையும் சேர்த்து ஆறாவது பதிப்பைப் போட்டோம். வாக்கியத்தை மறுபடியும் கட்டாயம் என்று மாற்றினோம், அவள் பிடிவாதமாக இருந்தாள். இன்று காலைவரை எந்தப் பதிலும் இல்லை. காலாவதியாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.